கேட்ட பிறகு நம்புதல்: சாகசக் கூட்டங்களில் காதலும் தலைமையும்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடுகிறார்கள். அக்காளின் மகன், அவன் தங்கை, அவர்களோடு படித்த மூன்று பேர். மேசைமேல் கையால் வரைந்த ஒரு வரைபடம், பென்சில்கள், இருபது முகம் கொண்ட பகடை, ஆறிப்போன தே தாரிக். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, இல்லாத ஒரு நாட்டின் காட்டிலும் குகையிலும் அலைகிறார்கள். அக்காள் மகன்தான் கூட்டத்தின் தலைவன். தங்கைக்கு வைத்தியச்சி வேடம். தோழி ஒருத்திக்கு வில்லாளி வேடம். பல வாரங்களாக நீண்ட அந்தக் கதைக்குள் தலைவனுக்கும் வில்லாளிக்கும் காதல் முளைத்திருந்தது.

ஒரு மாலை குகை இடிந்தது. ஒருவரைத்தான் இழுத்து வெளியே கொண்டுவர முடியும் என்று கதை நடத்துபவர் சொன்னார். தலைவன் யோசிக்கவில்லை. வில்லாளியின் கையைப் பிடித்தான். வைத்தியச்சி கல்லுக்கடியில் போனாள். தங்கை தன் நோட்டை மூடிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். "அவன் காதலியைக் காப்பாத்திட்டான்னு கோபமா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையை அசைத்தாள். "காதலிக்கட்டும் மாமா, அது கதைதானே. எங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. அதுதான்."

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. ஆபத்தான பயணத்தில் ஒரு சிறு கூட்டம் புறப்படுகிறது. அதற்குள் நம்பிக்கை வேண்டும், தலைமை வேண்டும், காதலும் வந்துவிடும். மூன்றும் ஒன்றையொன்று கவிழ்க்காமல் எப்படி நிற்கும்? கற்பனைக் கதைகளில் இக்கேள்வி பழையது. தமிழில் எழுத்து வளர்ந்த காலத்திலிருந்தே அது கேட்கப்பட்டு வந்திருக்கிறது. நாம் வாழும் இந்த மலாய் மண்ணும் அதைத் தன் பாணியில் கேட்டிருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

கூட்டம் என்றால் என்ன

இன்று உலகெங்கும் ஆடப்படும் கற்பனைச் சாகச ஆட்டங்களுக்கு முன்னோடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் அதை வெளியிட்டார்கள். அது ஒரு வடிவத்தை நிலைநிறுத்தியது: வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடன் என்று வேறுவேறு திறமை கொண்ட நாலைந்து பேர். எவராலும் தனியே பிழைக்க முடியாது. ஒருவரின் பலவீனத்தை இன்னொருவரின் பலம் மூடுகிறது. படையில் ஆணை மேலிருந்து வரும். குடும்பத்தில் உறவு பிறப்பால் வரும். இக்கூட்டத்திலோ சேர்வதும் பிரிவதும் அவரவர் விருப்பம். ஆகவே நம்பிக்கை ஒன்றே இதன் கயிறு.

நம்பிக்கையைப் பற்றித் திருக்குறள் தனி அதிகாரமே வைத்திருக்கிறது: தெரிந்துதெளிதல், 51ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளின் கருத்து எளியது. ஆராய்ந்து பார்க்காமல் ஒருவரை நம்பிவிடுவது, நம்பிவிட்ட பிறகு அவரைச் சந்தேகிப்பது, இரண்டும் ஓயாத துயரத்தைக் கொண்டுவரும். அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான் அது. ஆனால் முதலில் ஆராய்ச்சி, பிறகு நம்பிக்கை, அதன்பின் சந்தேகம் இல்லை என்ற அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு சாகசக் கதைகளைப் படித்தால், எந்தக் கூட்டம் எங்கே உடைந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது.

சிலம்பின் மூவர்

சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த மூவரைத் தமிழின் முதல் பயணக் கூட்டம் எனலாம். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள். பொருளை இழந்த கணவன், நடந்து பழகாத மனைவி, வழி தெரிந்த சமணத் துறவி. தலைமை யாரிடம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் எந்த வழியில் என்ன தொல்லை உண்டு என்று எடுத்துச் சொல்பவர் கவுந்தி. ஆகவே நடத்துபவரும் அவரே.

வழியில் ஒரு காட்சி. எதிரே வந்த இருவர் இந்த ஆணையும் பெண்ணையும் காட்டி யார் என்று கேட்கிறார்கள். தன் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் கேலி செய்கிறார்கள். கண்ணகி காதைப் பொத்தி நடுங்குகிறாள். கவுந்தியின் சாபம் அவர்களை நரிகளாக்குகிறது. ஓலமிட்ட நரிகளைப் பார்த்து, அறியாமல் பேசிவிட்டார்கள், பொறுத்தருளுங்கள் என்று வேண்டுபவர்கள் கோவலனும் கண்ணகியும்தான். சாபம் பன்னிரண்டு மாதமாகக் குறைகிறது. தலைவரின் சினத்தைக் கூட்டத்தின் இளையவர்கள் தணிக்கிறார்கள். தலைவரும் அவர்கள் சொல்லைக் கேட்கிறார். இக்கூட்டத்தில் காதல் ஒளித்து வைக்கப்பட்ட பொருள் அல்ல. அதைக் காப்பது கூட்டத்தின் வேலையாகவே இருக்கிறது.

இந்தக் கூட்டத்தை உள்ளிருந்து யாரும் உடைக்கவில்லை. வெளியே, விசாரிக்காமல் கொலைக்கு ஆணையிட்ட பாண்டிய மன்னன்தான் உடைத்தான். அரசியின் சிலம்பைக் கோவலன் திருடினான் என்று பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், கோவலனைக் கேட்கவில்லை. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்ற ஒரு சோதனை போதும், உயிர் தப்பியிருக்கும். அந்தச் சோதனை பிறகுதான் நடந்தது, கண்ணகியின் கையால். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். கண்ணகியை அவரிடமிருந்து அடைக்கலமாக ஏற்ற ஆய்ச்சி மாதரி தீயில் பாய்ந்தாள். ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிருக்குத் தாமே பொறுப்பு என்று எண்ணியவர்கள் இவர்கள். தலைமையின் பாரம் எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று நம் இலக்கியத்தில் குறைவு.

வேதாளம் கேட்டது

விக்கிரமாதித்தன் கதையும் வேதாளம் சொன்ன கதைகளும் அம்புலிமாமா வழியாக நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று அப்படியே இன்றைய சாகசக் கூட்டம். ஒரு பெண்ணை அரக்கன் தூக்கிச் செல்கிறான். அவளை மணக்க வந்திருந்த மூவரில் ஒருவன் ஞானத்தால் அவள் இருக்கும் இடத்தைச் சொல்கிறான். இரண்டாமவன் பறக்கும் தேரைச் செய்கிறான். மூன்றாமவன் போரிட்டு அரக்கனைக் கொல்கிறான். மூவரில் அவள் யாருக்கு உரியவள் என்று வேதாளம் கேட்கிறது. உயிரைப் பணயம் வைத்த வீரனுக்கு என்கிறான் அரசன். இன்னொரு கதையில் இறந்துபோன பெண்ணுக்கு மூன்று காதலர்கள். ஒருவன் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போனான். ஒருவன் மந்திரம் கற்று வந்து அவளை எழுப்பினான். உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பைச் சுமந்தவன் மகன், பிரியாமல் உடன் கிடந்தவனே கணவன் என்று தீர்ப்பு.

11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இக்கதைகள் உண்டு. முதல் தீர்ப்பு காதலைப் பரிசாக வைக்கிறது. இரண்டாவது காதலை உடனிருத்தலாக வைக்கிறது. ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அக்காள் மகள் பால்கனியில் சொன்னதை வேதாளத்திடமும் சொல்லலாம்.

விக்கிரமாதித்தன் கதையில் அவன் தம்பியும் அமைச்சனுமான பட்டி இருக்கிறான். விக்கிரமாதித்தனுக்கு அரியணையில் ஆயிரம் ஆண்டு வாழ்வு, தனக்கு இரண்டாயிரம் ஆண்டு என்று வரம் அமைந்துவிட, அண்ணனைப் பிரிந்து வாழ மனமில்லாத பட்டி ஒரு வழி கண்டான். அரசன் ஆறு மாதம் நாட்டில் ஆளட்டும், ஆறு மாதம் காட்டில் அலையட்டும், ஆயிரம் இரண்டாயிரமாகும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று நாம் இன்றும் சொல்லும் வழக்கு இதுதான். அரசனின் வாழ்நாளையே ஓர் அமைச்சன் திட்டமிடுகிறான், அரசன் அதை ஏற்று அரியணையிலிருந்து இறங்குகிறான். ஆண்டுக்குப் பாதி நாள் தலைமையைக் கீழே வைக்கத் தெரிந்தவனிடம்தான் சாகசக் கதைகள் வந்து சேர்ந்தன.

பத்துமலையின் இராமர் குகை

கே.எல். சென்ட்ரலில் ரயிலேறிப் பத்துமலையில் இறங்கியவுடன் பச்சை நிற அனுமார் எதிரே நிற்பார், சுமார் ஐம்பது அடி உயரம். அவர் பின்னால் இராமாயணக் குகை. கூட்டமெல்லாம் 140 அடி முருகனை நோக்கிப் போவதால் இந்தக் குகை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். உள்ளே சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வண்ண விளக்குகளில் இராமகதை சிலை சிலையாக விரிகிறது. தூங்கும் கும்பகருணனை எழுப்பப் படாத பாடு படும் அரக்கர்கள் முன்னால்தான் குழந்தைகள் நிற்பார்கள். நான் நிற்பது வானரக் கூட்டத்தின் முன்னால். உலகின் மிகப் பெரிய சாகசக் கூட்டம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்று கம்பன் காட்டுவதைப் பார்க்க வேண்டும். குகனோடு ஐவர், சுக்கிரீவனோடு அறுவர், வீடணனோடு எழுவர் என்று இராமன் உடன்பிறப்பின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறான். வேடன், வானரன், அரக்கன். இந்த மூன்று சேர்க்கைகளில் வீடணன் வந்த வேளையே தலைமைக்குப் பாடம். பகைவனின் தம்பி நான்கு துணைவர்களோடு அடைக்கலம் கேட்டு வந்து நிற்கிறான். இராமன் உடனே ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொருவரையும் கேட்கிறான். சுக்கிரீவன் வேண்டாம் என்கிறான். சாம்பவானும் வேண்டாம் என்கிறான். அனுமன் மட்டும் இலங்கையில் தான் கண்டதைச் சாட்சியாக வைத்து, ஏற்கலாம் என்கிறான். எல்லாம் கேட்ட பிறகே இராமன் முடிவு சொல்கிறான். அடுத்து அவன் செய்தது இன்னும் அருமை: மறுத்துப் பேசிய சுக்கிரீவனையே அனுப்பி வீடணனை அழைத்து வரச் சொல்கிறான். எதிர்த்தவனின் கையாலேயே வரவேற்பு. அந்த நொடியில் சுக்கிரீவன் தோற்றவனாகவில்லை, பொறுப்பேற்றவனானான்.

தலைமை தவறிய இடமும் இதே கதையில் உண்டு. வாலியை மறைந்து நின்று கொன்றது பற்றி வாலியே கேட்ட கேள்விகள் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் அதன்பின் இராமன் வாலியின் மகன் அங்கதனிடம் தன் உடைவாளை நீட்டுகிறான். தந்தையைக் கொன்றவன் மகன் கையில் வாள் கொடுப்பது எளிய செயலா? பின்னால் சீதையைத் தேடித் தெற்கே போன அணிக்கு அந்த அங்கதன்தான் தலைவன்.

அந்தத் தென்திசைப் பயணத்தைத் தனியே படிக்க வேண்டும். தவணை கடந்துவிட்டது. சீதை கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப மாட்டேன், இங்கேயே உயிர் விடுவேன் என்று இளம் தலைவன் அங்கதன் உடைந்து போகிறான். அவனை யாரும் பழிக்கவில்லை, பதவியைப் பறிக்கவும் இல்லை. முதியவன் சாம்பவான் பேசித் தேற்றுகிறான். சடாயுவின் பெயர் காதில் விழ, அவன் அண்ணன் சம்பாதி வந்து வழி சொல்கிறான். கடலைத் தாண்ட யாரால் முடியும் என்ற கேள்வி எழும்போது, தாண்டலாம், திரும்பத்தான் முடியாது என்று அங்கதன் தன் எல்லையை வெளிப்படையாகச் சொல்கிறான். அனுமனுக்கு அவன் வலிமையை நினைவூட்டுவதும் சாம்பவானே. தலைமை அங்கதனிடம், அனுபவம் சாம்பவானிடம், ஆற்றல் அனுமனிடம். மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேலாண்மை நூலும் சொல்லிவிட முடியாது.

காதலுக்கு இங்கே என்ன இடம்? அதுதான் பயணத்தின் காரணம். பயணத்தின் சாவியும் அதுவே. அசோகவனத்தில் அனுமனைக் கண்ட சீதை உடனே நம்பவில்லை. அரக்கர் மாயமோ என்று ஐயுற்று, இராமனின் உருவத்தைக் கேட்டுச் சோதிக்கிறாள். இருவர் மட்டுமே அறிந்த அடையாளச் சொற்களும் கணையாழியும்தான் அவளை நம்ப வைக்கின்றன. சூடாமணி திரும்பிப் போகிறது. இருவரின் அந்தரங்கம் ஒரு தூதனின் கையில் பத்திரமாகக் கடல் கடந்து போய் வந்தது. கூட்டத்துக்குள் காதல் இருந்தால் குழப்பம் என்பவர்கள் இந்தக் காட்சியை மறுபடி படிக்கட்டும்.

இதே கதைதான் ஆறாத புண்ணையும் வைத்திருக்கிறது. பகைவனின் தம்பியை எல்லாரையும் கேட்டு ஏற்றவன், போர் முடிந்ததும் சீதையைத் தீயின்முன் நிறுத்துகிறான். நம்பியவரிடம் பிறகு வந்த சந்தேகம் அது. சீதை தன் பக்கத்தைச் சொல்ல ஓர் அவை அங்கே கூடவில்லை. வீடணனுக்குக் கிடைத்த விசாரணை சீதைக்குக் கிடைக்கவில்லை என்பதை இராமனை வணங்கும் குடும்பத்தில் பிறந்த நானும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இக்கதை கடல் கடந்து மலாய் மொழிக்கும் வந்தது. ஹிக்காயாத் செரி ராமாவின் ஒரு கையெழுத்துப் பிரதி 1633இலேயே ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போய்விட்டது. அந்த மலாய்க் கதையில் அனுமன் இராமனுக்கும் சீதைக்கும் பிறந்த மகன். தோழனின் விசுவாசத்தை விளக்க அவனை ரத்த உறவாகவே ஆக்கிவிட்டது மலாய் மனம். இலக்குவனின் பெயரோ மலாயில் பதவியாயிற்று: லக்சமானா. மலேசியக் கடற்படையின் அட்மிரலுக்கு இன்றும் அதுவே பெயர். அண்ணனின் முதுகைக் காத்த தம்பியின் பெயரைக் கடலைக் காப்பவனுக்குச் சூட்டிய மண் இது.

ஐந்து நண்பர்களின் தெருக்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் ஏறினால் முதலில் துன் சம்பந்தன் நிலையம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களிடம் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்க தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரின் பெயர். அவர் வார்த்தையை நம்பிப் பால்மரம் சீவியவர்கள் காசு கொடுத்தார்கள். அதற்கடுத்து மகாராஜாலேலா. அதற்கடுத்து ஹங் துவா.

மலாக்காவின் லக்சமானா ஹங் துவாவுக்கும் அவர் தோழர்கள் ஹங் ஜெபாட், ஹங் கஸ்தூரி, ஹங் லெக்கீர், ஹங் லெக்கியூ ஆகியோருக்கும் கோலாலம்பூரில் ஆளுக்கொரு சாலை உண்டு. பாசார் செனி பக்கம் போகிறவர்கள் கஸ்தூரியில் நடக்கிறார்கள்; பெட்டாலிங் தெருவில் சாப்பிடுகிறவர்கள் லெக்கீரில் உட்காருகிறார்கள். மலாய் உலகின் முதன்மையான சாகசக் கூட்டம் இந்த ஐவர். ஹிக்காயாத் ஹங் துவா 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. சிறுவயதில் ஒரு படகில் ஐவரும் கடலுக்குப் போய்க் கொள்ளையரை எதிர்கொள்வதில் கதை சூடு பிடிக்கிறது. பிறகு மஜபாஹித் பயணம், தாமிங் சாரி என்ற கிரிஸ் குத்துவாள், கீழை நாடுகளுக்கும் நம் கலிங்கக் கரைக்கும் தூது.

இந்தக் கதையின் இரண்டு காதல் இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது துன் தேஜா என்ற பெண். ஹங் துவா அவள் மனதை மயக்கித் தன்பால் ஈர்க்கிறான். பிறகு தன் சுல்தானிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறான். காதல் இங்கே கருவி. விசுவாசத்தின் பெயரால் ஒரு பெண்ணின் நம்பிக்கை பலியாயிற்று. இரண்டாவது, அரண்மனைப் பெண்ணோடு தொடர்பு என்று ஹங் துவாமேல் வந்த பொய்க் குற்றச்சாட்டு. சுல்தான் விசாரிக்கவில்லை, கொல்லச் சொன்னான். முதலமைச்சர் பெண்டஹாரா அவனை ஒளித்து வைத்தார். நண்பன் செத்தான் என்று நம்பிய ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றிக் கலகம் செய்தான். பின் ஹங் துவாவே திரும்பி வந்து, தனக்காகப் பொங்கிய நண்பனைத் தன் கையால் கொன்றான். செஜாரா மலாயு என்ற வரலாற்று நூலில் கொல்லப்படுபவன் கஸ்தூரி. பெயர் மாறினாலும் ஒரு தோழன் கையால் இன்னொரு தோழன் சாவது மாறவில்லை.

நெடுங்காலம் துவாவே வீரன். 1956இல் பி. ரம்லி நடித்த ஹங் துவா திரைப்படம் வந்தது. 1961இல் ஹுசைன் ஹனிஃபின் ஹங் ஜெபாட் வந்தபோது அநீதியை எதிர்த்தவனின் பக்கமும் பேசப்பட்டது. துவாவா ஜெபாட்டா என்ற வாதம் இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. என் கண்ணுக்கு இருவருமே பிற்பாடு வருகிறவர்கள். முதல் குற்றம், கேட்காமல் தீர்ப்புச் சொன்ன தலைமையின் குற்றம். பாண்டியன் செய்ததும் அதுதான். மதுரை எரிந்ததற்கும் மலாக்காவின் ஐவர் கூட்டம் சிதைந்ததற்கும் விதை ஒன்றே.

தொடர்கதைகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் சாகசக் கூட்டத்தை வாராவாரம் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தவை தொடர்கதைகள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனில் ஒரு பயணக் கூட்டம் தானாகக் கூடுகிறது: வந்தியத்தேவன், ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, நடுவில் இளவரசர் அருள்மொழிவர்மர். காதலின் பல நிலைகளைக் கல்கி அருகருகே வைக்கிறார். நந்தினிக்குக் காதல் ஆயுதம். பார்த்திபேந்திரன் அவள் அழகில் மயங்கித் தன் நண்பன் ஆதித்த கரிகாலனுக்குச் செலுத்த வேண்டிய விசுவாசத்திலிருந்து வழுவுகிறான். வந்தியத்தேவன் காதலிப்பதோ தன்னைப் பணிக்கு அனுப்பிய குந்தவையை. ஆணையிடுபவர்மேல் காதல் கொள்வது ஆபத்தான இடம். ஆனால் அவன் பணியில் ஒரு நாளும் தளர்வதில்லை. குந்தவையும் காதலைக் காட்டி அவனுக்குப் பணியை லேசாக்குவதில்லை. பூங்குழலியின் நிலை இன்னும் கடினம். இளவரசர்மேல் ஒருதலை மனது. அந்த மனதைச் சுமந்துகொண்டே புயலில் படகு செலுத்தி உயிர் காக்கிறாள். தனக்கு அந்தக் காதல் திரும்பி வராது என்று தெரிந்தும் துடுப்பைக் கைவிடாத அவளே, என்னைக் கேட்டால், அந்த நாவலின் உறுதியான தோழி.

சாண்டில்யன் குமுதத்தில் எழுதிய கடல்புறா நம்மை இன்னும் அருகில் தொடுகிறது, ஏனென்றால் அதில் கடாரம் வருகிறது, நம் கெடா. கருணாகரத் தொண்டைமானின் மரக்கலத்தில் தமிழரோடு அராபியனான அமீரும் உண்டு. கடற்போரின் நுணுக்கத்தைக் கற்றுத் தந்தவன் சீனனான அகூதா. இத்தனை இனத்தவர் கூடிக் கடலில் போகும் கதையைக் கிள்ளான் துறைமுகம் பக்கம் வளர்ந்தவர்கள் வியப்பில்லாமல் படிப்பார்கள்; நம் தெருவே அப்படித்தானே. வேறு மொழி, வேறு கடவுள், ஒரே கப்பல் என்ற நம்பிக்கை அதன் பலம். ஆனால் காஞ்சனதேவி, மஞ்சளழகி ஆகிய இருவரின் காதலும் தலைவனைச் சுற்றியே வட்டமிடுகிறது. காதலைத் தலைவனின் வெற்றிக்கு அணிகலனாக வைக்கும் பழக்கத்தை அக்காலத்துத் தொடர்கதைகள் விடவில்லை.

கணினித் திரையும் ஆட்ட மேசையும்

இன்றைய பிள்ளைகள் இக்கேள்வியைச் சந்திப்பது பெரும்பாலும் கணினி விளையாட்டில். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2இல் தலைவன் ஒவ்வொரு தோழரின் சொந்தத் துயரத்துக்கும் நேரம் ஒதுக்கித் துணை நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் அவர்களின் முழு விசுவாசம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கடைசிப் போரில் அவர்கள் உயிரிழக்க நேரலாம். இரண்டு தோழியர் சண்டையிடும்போது விசாரிக்கத் திறமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவளின் விசுவாசம் போய்விடும். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் நால்வர் பயணம் செய்கிறார்கள். பகலில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தோழர்கள் ஏற்கிறார்கள் அல்லது வெறுக்கிறார்கள். இரவு முகாமில் தீயைச் சுற்றி அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. காதலும் அங்கேதான் முளைக்கிறது. முகாமுக்குப் போய்ப் பேசாத தலைவனுக்கு நட்பும் இல்லை, காதலும் இல்லை.

கணினியில் தோழர்கள் எழுதிவைத்த பாத்திரங்கள். மேசையிலோ எதிரே இருப்பது ரத்தமும் சதையுமான மனிதர். பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள் கசிந்து வரும் என்பதை ஆட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள். அதனால் அனுபவமுள்ள குழுக்கள் ஆட்டம் தொடங்கும் முன் ஓர் அமர்வு வைக்கின்றன. இந்தக் கதையில் காதல் வரலாமா, எதுவரை, எது வேண்டவே வேண்டாம், சண்டை வந்தால் யார் முடிவு என்று பேசிக்கொள்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் பரப்பிய வழக்கம் ஒன்றும் உண்டு. குறுக்குக்கோடு போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும். யாருக்காவது ஒரு காட்சி தாங்கவில்லையென்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காட்சி மாறும். பேசத் தயங்குபவருக்கும் குரல் உண்டு என்ற ஏற்பாடு அது.

இரண்டு மறுப்புகள்

இங்கே இரண்டு எதிர்வாதங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, கூட்டத்துக்குள் காதலே கூடாது என்பது. காதலர் ஒருவரையொருவர் முந்திக் காப்பார்கள், மற்றவர் பின்னால் போவார்கள் என்ற அச்சம் நியாயமானது. குகை இடிந்தபோது என் அக்காள் மகள் அதைத்தான் அனுபவித்தாள். ஆனால் தடை போட்டால் காதல் நிற்காது, ஒளிந்துகொள்ளும். ஒளிந்த காதல்தான் வதந்திக்கு இடம் கொடுக்கும். கோவலனும் கண்ணகியும் யார் என்பது கவுந்திக்குத் தெரியும், தெரிந்ததால்தான் காத்தார். தெரிந்த காதலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யலாம். காதலன் தலைவனாக இருந்தால், காதலியின் உயிர் சம்பந்தப்பட்ட முடிவை இன்னொருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வைக்கலாம்.

இரண்டாவது, ஆபத்தில் அவை கூட்ட நேரமேது என்பது. உண்மைதான். குகை இடியும்போது யாரும் கருத்துக் கேட்க முடியாது. ஆனால் வீடணன் வந்தபோது நேரம் இருந்தது. சுல்தானுக்கும் பாண்டியனுக்கும் ஒரு நாள் பொறுக்க நேரம் இருந்தது. கேட்பதற்குரிய காலம் ஆபத்துக்கு முந்தையது. அப்போது கேட்டு வைத்தவரின் அவசர முடிவைக் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். அப்போது கேட்காதவரின் சரியான முடிவுகூடக் கூட்டத்தின் காதில் துரோகமாகவே விழும்.

முடிவாக

சிலம்பு முதல் கணினித் திரை வரை பார்த்ததில் எனக்குத் தேறியது இதுதான். காதல் எந்தக் கூட்டத்தையும் தானாக உடைத்ததில்லை. அதைக் கருவியாக்கிய இடத்தில், பரிசாக்கிய இடத்தில், விசாரிக்காமல் குற்றமாக்கிய இடத்தில் உடைந்தது. நம்பிக்கை பிறவிக் குணமாக எங்கும் வரவில்லை. சீதை அனுமனைச் சோதித்ததுபோல், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வந்தது. தலைமையின் முதல் வேலை அந்தக் கேள்விகளுக்கு இடம் வைப்பது. பிள்ளைகள் இந்த ஆட்டங்களில் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன்: நாளை ஓர் அலுவலகத்தையோ சங்கத்தையோ குடும்பத்தையோ நடத்தப் போகிறவர்கள், ஒருவரின் சொல் இன்னொருவரை எப்படிக் காயப்படுத்தும் என்பதை அந்த மேசையில் கற்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடி போயிருந்தேன். வைத்தியச்சியைக் கதை நடத்துபவர் பிழைக்க வைத்திருந்தார். காலில் மட்டும் ஊனம். வரைபடத்தை விரிக்கும் முன் அக்காள் மகன் பகடையை ஓரமாக வைத்தான். தங்கையைப் பார்த்து, "இனி குகைக்குள்ள போனா, நானும் அவளும் மாட்டிக்கிட்டா, யாரை முதல்ல வெளிய எடுக்கறதுன்னு நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றான். பிறகு வில்லாளியாக ஆடும் தோழியிடம் திரும்பி, "உனக்குச் சரியா?" என்று கேட்டான். அவள் சரி என்றாள். மற்ற இருவரையும் கேட்டான். தங்கை நோட்டைத் திறந்தாள்.